கோதுமை ஒவ்வாத பிள்ளைக்குப் புளித்த மாவு ரொட்டி



பிள்ளைக்கு வாரக்கணக்கில் வயிற்றால் போகிறதா? வயிறு உப்பி, கைகால் மெலிந்து, எடை ஏறாமல் இருக்கிறதா? இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் சோகை தீரவில்லையா? "கண்ணு பட்டிருச்சு", "தாய்ப்பால் சரியில்லே" என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்குக் கிருமியும் அசுத்தமான தண்ணீருமே காரணம். சில பிள்ளைகளுக்கோ கோதுமையே காரணமாக இருக்கலாம்.

நோய் என்ன?

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சிலர் உடல் அதை ஏற்காது. சிறுகுடலின் உட்சுவர் கெட்டு, உண்ட சத்து உடம்பில் ஒட்டாது. இதுவே சீலியாக் நோய். வட இந்தியாவில் அதிகம். நம் பக்கம் குறைவு. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமை மீது சந்தேகம் கொண்டார். 1944-45 பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைக்காமல் போனது அவர் எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. 1950-இல் தம் ஆய்வேட்டில் அதை விளக்கினார்.

முதலில் பரிசோதனை

நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் இரத்தம் எடுத்தால் நோய் தெரியாமல் போகலாம். மணப்பாறை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். நோய் உறுதியானால் ஆயுள் முழுவதும் கோதுமையை விலக்க வேண்டும். அதுதான் மருந்து.

ரொட்டிக்கு என்ன செய்வது?

மேல்நாட்டார் புளித்த மாவில் ரொட்டி சுடுகிறார்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்தாலும் இந்நோயாளிக்கு ஆகாது. நம் இட்லி மாவும் புளித்த மாவுதான். அதில் கோதுமை இல்லை. அரைத்த உளுந்தின் கொழகொழப்பு, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் காற்றைப் பிடித்து வைத்து மாவை உப்பச் செய்கிறது. புளிப்பதால் தானியத்தின் இரும்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

செய்முறை

1. புழுங்கல் அரிசி 2 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் அரைத் தேக்கரண்டி. அரிசியில் பாதிக்குக் கம்பு அல்லது சோளம் சேர்க்கலாம். கழுவி, உளுந்தைத் தனியாக 5 மணி நேரம் ஊற வையுங்கள்.

2. உளுந்தைப் பொங்கப் பொங்க அரையுங்கள். அரிசியை நைசாகவும் கெட்டியாகவும் அரையுங்கள். உப்பும், முந்திய நாள் மாவு ஒரு கரண்டியும் சேர்த்துக் கையால் கலக்குங்கள். அந்தப் பழைய மாவுதான் உறை.

3. பாத்திரத்தில் பாதி அளவே ஊற்றி, 8 முதல் 12 மணி நேரம் மூடி வையுங்கள். மார்கழிக் குளிரில் இன்னும் நேரமாகும்.

4. கனத்த இரும்புச் சட்டியில் ஓரங்குலம் மணல் பரப்பி, மூடி, 10 நிமிடம் சூடாக்குங்கள். எண்ணெய் தடவிய சிறு பாத்திரத்தில் பாதியளவு மாவு ஊற்றி மணல்மேல் வைத்து மூடுங்கள். சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகட்டும். குச்சி செருகினால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகே அறுங்கள்.

சட்டி வைக்க நேரமில்லாத நாளில் இதே மாவில் குழிப்பணியாரம் சுடலாம்.

மறைந்திருக்கும் கோதுமை

மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பிஸ்கட், பரோட்டா கூடாது. கடைச் சத்து மாவில் கோதுமை இருக்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மணப்பாறை முறுக்கு அரிசி மாவுப் பண்டமே. ஆனாலும் பெருங்காயம் போட்டதா என்று கேட்டே வாங்குங்கள். கோதுமை அரைத்த மிஷினில் அரிசி அரைத்தால் அதிலும் கோதுமை கலந்துவிடும். சப்பாத்தி சுட்ட கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் தோசை ஊற்றாதீர்கள்.

தகப்பனாருக்கு ஒரு வார்த்தை

மாட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது ஆசையாய் பிஸ்கட் பொட்டலம் வாங்கி வருவீர்கள். இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம். கடலை மிட்டாயோ வாழைப்பழமோ வாங்கி வாருங்கள். "ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரும்?" என்று பாட்டி கேட்டால், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு துண்டும் குடலைக் கெடுக்கும். சமைப்பது ஒருவர் வேலை என்றாலும், காப்பது இருவர் பொறுப்பு.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.