கச்சான் காற்றைத் தாங்கும் நிறங்கள்

நம் கிழக்குக் கரை நிந்தவூரில் புது வீடு கட்டும் பிள்ளைகள் மதில் எழும்பும் முன்பே கேட்கிறார்கள்: "முன் வளவில் நிறமான பாம் வைக்க வேணும், எதை வாங்கலாம்?" நல்ல ஆசைதான். ஆனால் பூக்கன்றுக் கடையில் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கி, அடுத்த வெயில் காலத்தில் காய்ந்த குருத்தைப் பிடுங்கி எறிகிறவர்களைக் காணும்போது மனம் நோகிறது. ஒரு பாம் மரம் நம் ஆயுளுக்கும் பின்னால் நிற்கக்கூடியது. தொடங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

1. நிறம் மரத்தின் எந்த உறுப்பில் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று முதலில் கேளுங்கள்.

லிப்ஸ்டிக் பாமின் சிவப்பு மட்டைக் காம்பிலும், கமுகில் பச்சையாக வழவழவென்று தெரியுமே, அந்தக் கழுத்துப் பகுதியிலும் இருக்கிறது. மரம் உள்ளவரை அது போகாது. சிவப்பு லட்டானியாவுக்கு அப்படியில்லை. கன்றாக இருக்கும்போது காம்பும் ஓலை விளிம்பும் கடுஞ்சிவப்பு. மரம் உயர உயரச் சாம்பல் பச்சையாகிவிடும். நியூ கலிடோனியாத் தீவிலிருந்து வந்த செம்பைரோனியா என்ற பாமில் புதிதாக விரியும் ஓலை மட்டும் சிவக்கும். பத்து நாள் போல் கழிந்தால் அதுவும் பச்சை. பொக்ஸ்டெயில் பாமும் மணிலா பாமும் பச்சை மரங்களே. காய் பழுக்கும் காலத்தில்தான் சிவப்புக் குலை தொங்கும். அரிக்கா பாமின் மஞ்சள் தண்டிலும் காம்பிலும் இருக்கிறது. நிழலில் மங்கும், வெயிலில் ஏறும்.

பிஸ்மார்க் பாமின் வெள்ளி நிறத்தைத் தூசி என்று எண்ணித் துணியால் துடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து துடைக்காதீர்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக மரம் தன் ஓலையில் தானே பூசிக்கொண்ட மெழுகு அது. இளம் ஓலையின் சிவப்பும் பெரும்பாலும் இப்படித்தான். பச்சையம் நிறைவதற்கு முன் பிஞ்சு ஓலையைச் சூரியனிடமிருந்து காக்கிறது. நிறம் மரத்தின் தேவையிலிருந்து வருகிறது. அந்தத் தேவை உங்கள் வளவில் நிறைவேறுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

2. மரம் பிறந்த மண்ணைக் கேளுங்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வேன். நம்முடைய தரை கடல் மணல். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடை மழை கொட்டும். பிறகு வைகாசியிலிருந்து மேற்கே மலைநாட்டைத் தாண்டி ஈரம் இழந்து வரும் கச்சான் காற்று, ஓலையின் நுனியைச் சுட்டெடுக்கும். கிழக்கே உப்புக் காற்று. இந்த மூன்றையும் தாங்கும் மரம்தான் இங்கே நிறம் காட்டும்.

லிப்ஸ்டிக் பாம் பிறந்தது தாய்லாந்தின் தெற்கிலும் மலேசியாவிலும் சுமாத்திராவிலும் போர்னியோவிலும் உள்ள சதுப்புக் காடுகளில். வேர் எப்போதும் நீரில் கிடக்கும் இடம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா தன் சின்னமாகவே அதை வைத்திருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் மழை. அதே கன்றை நிந்தவூர் மணலில் வெட்டவெளியில் நட்டால், ஆனி மாதத்துக் காற்றில் அதற்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது இந்து சமுத்திரத்தின் மறுகரையைப் பாருங்கள். ரியூனியன் தீவில் சிவப்பு லட்டானியா, ரொட்ரிக்ஸ் தீவில் மஞ்சள் லட்டானியா, மொரீஷியஸ் பக்கத்தில் நீல லட்டானியா. மூன்றும் கடலோரத்து வெயிலுக்கும் வறட்சிக்கும் உப்புக் காற்றுக்கும் பழகிய பிள்ளைகள். வயிறு பெருத்த பொட்டில் பாமும் மொரீஷியசுக்கு வடக்கேயுள்ள ரவுண்ட் தீவுக்காரர். பிஸ்மார்க் பாம் மடகஸ்கரின் வறண்ட மேற்குப் புல்வெளியில் வளர்வது. சமுத்திரம் ஒன்று, வெயில் ஒன்று, காற்று ஒன்று. நம் கரைக்கு இவற்றைத்தான் நான் முன்னே நிறுத்துவேன்.

ரவுண்ட் தீவைப் பற்றி இன்னொன்று. அங்கே கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் மேய்ந்து, பொட்டில் பாம் காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து போனது. நம்மூர் வீதியில் திரியும் ஆடுகளும் இளங்குருத்தை விடாது. கன்றைச் சுற்றி வேலி அடைக்காமல் ஒரு இரவும் விடவேண்டாம்.

3. முதல் மரம் செவ்விளநீராக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுகிறவர்கள், நம் நாட்டின் நிற மரத்தைக் காணாமல் கடந்து போகிறார்கள். செவ்விளநீர் இலங்கைக்கே உரிய தென்னை. செம்மஞ்சள் குலை, அதே சாயல் ஓடிய காம்பு, நடுத்தர உயரம், நோயாளிக்கும் நோன்பாளிக்கும் குடிக்கக் குரும்பை. இதைவிட அழகான பாம் எந்த நாற்றுமேடையில் இருக்கிறது? காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும், பொறுமை வேண்டும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் மஞ்சள் அல்லது சிவப்புக் குட்டைத் தென்னை வைக்கலாம். நான்கு வருடமளவில் பாளை விடும்.

கன்று வாங்கும்போது காம்பின் நிறத்தைப் பாருங்கள். தாயின் நிறம் கன்றின் காம்பிலேயே தெரியும். செவ்விளநீர் என்று தரும் கன்றின் காம்பு பச்சையோ மண்ணிறமோ ஆக இருந்தால், பக்கத்துத் தென்னையின் மகரந்தம் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் நாற்றுமேடைகளில் வாங்குவது பாதுகாப்பு.

4. வளவை அளந்து, மகளின் வீட்டையும் அளந்து, பிறகு நடுங்கள்.

நம் பக்கத்தில் வீடு மகளுக்கு. மூத்தவளுக்குக் கட்டி, அடுத்தவளுக்கும் அதே வளவில் ஒரு பகுதி பிரிப்பது நம் வழக்கம். பத்துப் பேர்ச் வளவின் நடுவில் பிஸ்மார்க் பாமை நட்டுவிட்டால், அதன் ஓலை ஒவ்வொன்றும் பத்தடி அகலம் வரை விரியும். கொண்டை இருபதடிக்கு மேல் இடம் பிடிக்கும். பதினைந்து வருடம் கழித்து அத்திவாரம் வெட்டும் நாளில் அந்த மரத்தைப் பெயர்த்து வேறிடம் வைக்கலாம் என்று எண்ணாதீர்கள். பிஸ்மார்க் பாம் வேரைத் தொட்டால் பொறுக்காது. நட்ட இடம்தான் அதன் இடம்.

சிறிய வளவுக்குப் பொட்டில் பாம் போதும்; மெதுவாக வளரும், உயரமும் அதிகமில்லை. மதிலோரத்து மறைப்புக்கு அரிக்கா பாம். லட்டானியாவுக்கு எல்லாப் பக்கமும் எட்டு அடியாவது விடுங்கள். மின்கம்பிக்கும் மலசலகூடக் குழிக்கும் அருகில் எதுவும் வேண்டாம். அயலார் கூரைமேல் மட்டை விழும் தூரத்திலும் வேண்டாம். ஒரு மட்டையால் இரண்டு குடும்பம் பேசாமல் இருப்பது பாவம்.

5. ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள்.

கச்சான் காற்று எழும்பும் முன் ஏழு மாதம் வேர் ஓடக் கிடைக்கும். சித்திரையில் நட்ட கன்றை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் காப்பாற்றுவது கடினம். மார்கழியில் வெள்ளம் தேங்கும் பள்ள வளவானால், ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். லட்டானியாவும் பிஸ்மார்க்கும் நாள்கணக்கில் நீருக்குள் நிற்க விரும்பாதவை.

6. குழியில் பொச்சுமட்டை அடுக்குங்கள்.

மூன்றடிக் குழி. அடியில் பொச்சுமட்டையை, குழிவுப் பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை. மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடும். மட்டை அதைப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் வேருக்குக் கொடுக்கும். மேலே மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும். பச்சை எரு போடவேண்டாம். காரணத்தை ஒன்பதாவதில் சொல்கிறேன். நட்டபின் மேலே வைக்கோல் மூடாக்கு. அறுவடை முடிந்த வயல்கள் ஊரின் மேற்கே விரிந்து கிடக்க, வைக்கோலுக்குக் காசு தேடவேண்டியதில்லை. மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகி இருக்கட்டும்.

7. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வடிந்த பிறகு, கரையோர வளவுகளில் மாவும் பலாவும் வாழையும் கருகின. தென்னையும் பனையும் நின்றன. உப்பை யார் தாங்குவார் என்பதை அந்த நாட்கள் நமக்குக் காட்டிவிட்டன. ஆவணி வாக்கில் கிணறு வற்றி உவர்க்கும்போது அரிக்கா பாமின் ஓலை நுனிகள் மண்ணிறமாகும். நோய் என்று கிருமிநாசினி அடிக்க ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ கொடுத்து, தரையிலுள்ள உப்பைக் கீழே கழுவிவிடுங்கள். தினமும் ஒரு சிரட்டை தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஆழமாக நனைய ஊற்றுவது நல்லது; வேர் தண்ணீரைத் தேடி இறங்கும்.

8. எல்லா மஞ்சளும் அழகு மஞ்சள் அல்ல.

நிற மரம் வளர்ப்பவர்கள் மயங்கும் இடம் இது. கீழோலைகளில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து நுனியிலிருந்து காய்ந்து வந்தால், பொட்டாசியம் குறைவு. கீழோலையின் ஓரம் பட்டையாக மஞ்சளாகி நடு மட்டும் பச்சையாக நின்றால், மக்னீசியம் குறைவு. குருத்தோலை சிறுத்துச் சுருண்டு கருகி வந்தால் மங்கனீசு கிடைக்கவில்லை. கிளிஞ்சல் கலந்த கடல் மணலில் அது இருந்தும் வேருக்கு எட்டாது. மணல் தரை பசளையை வைத்திருக்காது, மழையோடு இறக்கிவிடும். தென்னைக்கு விற்கும் பசளைக் கலவையையே எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை அள்ளிக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். மக்னீசியத்துக்கு டொலமைட். அளவை விவசாய விரிவாக்கல் நிலையத்தில் கேட்டு அறியுங்கள்.

மஞ்சளான கீழோலையை உடனே வெட்டாதீர்கள். மரம் பழைய ஓலையிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துப் புதிய ஓலைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். வெட்டினால் மேலே உள்ள ஓலை மஞ்சளாகும். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

9. கத்தியைக் கண்டால் பயப்படும் மரம் இது.

மாமரத்தை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பாமின் தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு போயிற்று. தண்டில் பட்ட காயம் ஆறித் தோல் மூடவும் மாட்டாது. வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கும். அந்தக் காயத்தின் வாசத்துக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே நாரைத் தின்று, வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமானால், தண்டோடு ஒட்ட வெட்டாமல் மூன்று நான்கு அடி விட்டு வெட்டுங்கள். ஆணி அடிப்பதும் விளக்குக் கம்பி இறுக்குவதும் கூடவே கூடாது.

காண்டாமிருக வண்டு வேறு வகை. குருத்தைத் துளைக்கும், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாகத் தெரியும். அது பெருகும் இடம் எருக்கும்பியும் உக்கிய தென்னங்குற்றியும். அதனால்தான் பச்சை எரு வேண்டாம் என்றேன். இளமரத்தின் மட்டைக் கவட்டில் மணலோடு பூச்சி உருண்டை போட்டு வைப்பது பழகிய முறை.

10. தெற்கிலிருந்து கன்று கொண்டு வராதீர்கள்.

தெற்கே வெலிகமப் பக்கத்தில் 2006ஆம் ஆண்டளவில் தென்னோலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. தென்னையோடு நிற்பதில்லை, கமுகிலும் வேறு பாம் இனங்களிலும் அந்தக் கிருமி கண்டறியப்பட்டிருக்கிறது. நோய் கண்ட தென் மாவட்டங்களிலிருந்து கன்றுகளை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. மாத்தறை, காலிப் பக்கம் போய் வரும்போது விலை மலிவு என்று வாகனத்தில் ஏற்றி வரும் ஒரு கன்று, நம் கரையின் தென்னந்தோப்புகளுக்குத் தீங்காக முடியலாம். 1978 நவம்பரில் சூறாவளி நம் கிழக்கின் தென்னைகளைச் சாய்த்தது. இப்போது கடலரிப்பு கரைத் தென்னைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. எஞ்சியிருப்பதை நாமே நோய்க்குக் கொடுக்கக் கூடாது.

11. லிப்ஸ்டிக் பாம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால்.

பெரிய சாடியில் தும்புத்தூளும் மக்கிய எருவும் நிரப்பி நடுங்கள். சாடியை மூன்று அங்குலத் தண்ணீர் நிற்கும் தொட்டியில் வையுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் படும் இடம். மேற்கிலிருந்து வரும் கச்சானைச் சுவர் மறைக்கட்டும். உவர்த் தண்ணீர் வேண்டாம். தொட்டியில் கப்பி மீன் விடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பை நாமே வளர்த்தவர்களாவோம். விதை முளைக்க மாதங்கள் எடுக்கும், வளர்ச்சி மிக மெது. பக்கக்கன்று பிரித்தெடுத்ததை வாங்குவது நல்லது.

12. பேரீச்சையையும் நினையுங்கள்.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நின்று காய்க்கும் மரங்களைக் கண்டிருப்பீர்கள். பழுக்கும் முன் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும் அந்தக் குலைக்கு ஈடாக நிறம் வேறெங்கே? கொட்டை போட்டு முளைப்பித்தால் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகும். பக்கக்கன்று தாயைப் போலவே வரும்.

13. வாங்கும் முன் வளர்ந்த மரத்தைப் போய்ப் பாருங்கள்.

1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பாம் வரிசைகள் இருக்கின்றன. 1950இல் நட்ட அரசப்பனை வரிசையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சாடியில் இரண்டடி நிற்கும் கன்று என்ன ஆகும் என்பது புரியும். கண்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அரை நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

14. விதையிலிருந்து தொடங்குவதானால்.

லட்டானியாவிலும் பிஸ்மார்க்கிலும் ஆண் வேறு, பெண் வேறு. சிவப்பும் நீலமும் அருகருகே நிற்கும் தோட்டத்தின் லட்டானியா விதை கலப்பாக இருக்கலாம். நிறத்தை உறுதியாக நம்பவேண்டாம். புதிய விதையாக இருக்கவேண்டும். காய்ந்து நாள்பட்டது பெரும்பாலும் முளைக்காது. பிஸ்மார்க் விதையின் முளை முதலில் நேரே கீழே ஆழமாக இறங்கி, அங்கிருந்துதான் ஓலையை மேலே அனுப்பும். சிறிய பையில் போட்டால் வளைந்து நசுங்கும். ஒன்றரை அடி ஆழமுள்ள சாடி எடுங்கள், அல்லது நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றி அடையாளக் கம்பு நடுங்கள். இரண்டு மூன்று மாதம் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. கிளறிப் பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் அறும் வேர் மறுபடி வராது.