மோட்டர் வாங்க முன் தகட்டை வாசியுங்கள்

சென்ற மாதம் ஒரு நாள், கடை மூடும் நேரத்தில் எனது தாத்தாவின் மகன் வந்தான். பிலிமத்தலாவைப் பக்கத்தில் வார்க்கப்படும் பித்தளைச் சாமான்களை மெருகூட்டாத நிலையில் கொள்வனவு செய்து, வீட்டிலேயே பொலிஷ் பண்ணி, கண்டிக் கடைகளுக்குக் கொடுப்பது அவனது திட்டம். திட்டம் நல்லது. ஏனென்றால் வார்ப்புச் சாமானுக்கும் பளபளக்கும் சாமானுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் முழுவதும் கை உழைப்புக்குரியது.

"மாமா, பழைய சாமான் கடையொன்டில ஜப்பான் மோட்டர் ஒன்டு இருக்கு. ஒரு குதிரை வலு. புதுசுட பாதி வெலதான். உம்மாட காப்பு ரெண்டையும் வித்த காசு கையில இருக்கு. நாளைக்கே எடுக்கவா?" என்றான்.

"தகட்டில என்ன எழுதியிருக்கு மகன்?" என்று கேட்டேன்.

"தகடா?" என்று திருப்பிக் கேட்டான்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியைக் கேட்காமல்தான் ஒரு மோட்டரை வாங்கினேன். கடைக்கு வரும் பழைய பித்தளைப் பூட்டுகளையும் கைப்பிடிகளையும் மெருகூட்டி விற்பதற்காக எடுத்தது. 100 வோல்ட் என்பது மட்டும் தெரிந்ததால், 230 வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு கை வைக்க முடியாத சூடு. மூன்றாம் வாரம் கருகிய வாசனையோடு நின்றுவிட்டது. கம்பி சுற்றுபவர் தகட்டைத் துடைத்துக் காட்டினார்: 60 ஹேர்ட்ஸ். நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. ஆகவே "ஜப்பான் சாமான்" என்ற பெயர் மட்டும் போதாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, சூடாகும். மலிவாக வாங்கிய அந்த மோட்டர், ட்ரான்ஸ்போமரோடும் கம்பி சுற்றிய கூலியோடும் சேர்த்துப் பார்த்தபோது புதியதை விட விலை கூடிவிட்டது.

எனவே இத்தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்கள் காசு கொடுக்க முன் கீழ்வரும் விடயங்களைப் பார்த்துக்கொள்ளவும்.

முதலாவது: மின்சாரம்

தகட்டில் 230 வோல்ட் (220 அல்லது 240 என்றும் இருக்கலாம்), 50 ஹேர்ட்ஸ், ஒற்றைக் கட்டம் என்று இருக்க வேண்டும். தொழிற்சாலைகளிலிருந்து கழித்து வரும் மோட்டர்களில் பல மூன்று கட்டம், 400 வோல்ட் வகை. ஒற்றைக் கட்ட இணைப்புள்ள சாதாரண வீட்டில் அதை நேரடியாக ஓட்ட முடியாது.

இரண்டாவது: வேகம்

நமது மின்சாரத்தில் இவ்வகை மோட்டர்கள் பெரும்பாலும் இரண்டு வேகங்களில் கிடைக்கும். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்று, மற்றது சுமார் 1440 சுற்று. ஆனால் பித்தளையை மினுக்குவது சுற்றின் எண்ணிக்கை அல்ல, துணிச் சக்கரத்தின் விளிம்பு ஓடும் வேகமே. 6 அங்குலச் சக்கரம் 2850 சுற்றில் செக்கனுக்கு 22 மீற்றரளவு ஓடும். 8 அங்குலமாக இருந்தால் அதே மோட்டரில் 30 மீற்றர். 1440 சுற்று மோட்டரில் 8 அங்குலச் சக்கரம் 15 மீற்றர்தான். வேகம் கூடினால் வேலை விரைவாகும், ஆனால் சாமானைப் பிடுங்கி எறியும் வலுவும் கூடும். சிறிய பித்தளைச் சாமானுக்கு 2850 சுற்றும் 6 அங்குலச் சக்கரமும் ஏற்றவை. மெல்லிய தகட்டு வேலைக்கும் பழகும் காலத்துக்கும் 1440 பாதுகாப்பானது.

மூன்றாவது: வலு

6 அங்குலத்துக்கு அரைக் குதிரை வலு போதும். 8 அங்குலத்துக்கு முக்கால் முதல் ஒன்று வரை வேண்டும். சாணைக்கல் பூட்டிய சிறிய கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டுத் துணிச் சக்கரம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல 150 முதல் 250 வொட்தான். சாமானை அழுத்தியவுடன் வேகம் விழுந்துவிடும். அச்சும் குட்டை. சற்று நீளமான சாமான் மோட்டரின் உடம்பில் முட்டும்.

நான்காவது: உடம்பும் அச்சும்

முழுதாக மூடிய உடம்புள்ள மோட்டரையே எடுங்கள். துவாரமுள்ளதை எடுத்தால் பஞ்சும் பித்தளைத் தூளும் உள்ளே போய்ச் சுருளைக் கெடுக்கும், தீயும் பிடிக்கலாம். அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பெயரிங் போயிருக்கும். சக்கரம் பூட்டும் திருகு முனை வலப்பக்கத்துக்கு வேறு, இடப்பக்கத்துக்கு வேறு. மாறிப் பூட்டினால் ஓடும்போதே கழன்றுவிடும்.

ஐந்தாவது: கணக்கு

அரைக் குதிரை வலு என்பது 373 வொட். ஆனால் முழுச் சுமையில் மோட்டர் இழுப்பது 550 வொட் அளவில் இருக்கும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் வேலை செய்தால் சுமார் 2 யூனிட், மாதத்துக்கு 50 யூனிட்டுக்கு மேல். வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் முறையிலானது. எனவே இந்த 50 யூனிட்டும் உங்கள் பில்லின் உயர்ந்த விலைப்படியில்தான் விழும். அதோடு துணிச் சக்கரம், பொலிஷ் கட்டி, உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு சாமானுக்கு என்ன செலவு என்று பிரித்துப் பார்த்த பின்பே கடைக்காரருக்கு விலை சொல்லுங்கள்.

ஓட்டும்போது

மோட்டரைப் பலமான மேசையில் ஆணியடித்தல்ல, போல்ட் போட்டு இறுக்குங்கள். பூமிக் கம்பி கட்டாயம். சக்கரத்தின் முன்பக்கம் மேலிருந்து கீழ்நோக்கிச் சுழல வேண்டும், சாமானைச் சக்கரத்தின் நடுவுக்குக் கீழே பிடிக்க வேண்டும். சாமானின் கூர் விளிம்பைச் சுழற்சிக்கு எதிராகக் காட்டக்கூடாது. கையுறை, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த சாரம், பெண்களாயின் தொங்கும் முந்தானை எதுவும் சக்கரத்தின் அருகே ஆகாது. கண்ணாடியும் மூக்குக் கவசமும் தேவை. பிள்ளைகள் விளையாடும் முன் விறாந்தை இதற்குரிய இடமல்ல.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. மருமகன் கடையிலிருந்தே தகட்டை எழுத்துக் கூட்டி வாசித்தான். "100 வோல்ட்... 60 ஹேர்ட்ஸ் மாமா." பின்னர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காசைப் பொக்கட்டில வெச்சிக்கொண்டு வா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, உத்தரவாதத்தோடு புதிய அரைக் குதிரை வலு மோட்டர் ஒன்றை எடுத்தோம். வலு பாதிதான். விலையும் சற்றுக் கூடத்தான். ஆனால் நாலு மணித்தியாலம் ஓடினாலும் அளவான சூட்டோடு நிற்கிறது. முதல் தொகுதியாக இருபது பித்தளைத் தட்டுகள் கடைக்குப் போயிருக்கின்றன. தாத்தாவின் காப்பு திரும்பி வர இன்னும் பல தட்டுகள் மினுங்க வேண்டும். ஆனாலும் அந்தக் காசு கருகிப் போகவில்லை.