கற்பிக்கும் வானூர்தி

நுழையும்முன்

இந்தியாவில் 16 அகவை நிரம்பியவர் மாணவர் விமானி உரிமம் பெறலாம். 17 அகவை நிரம்பி, குறைந்தது 40 மணி நேரம் பறந்து, தேர்வுகளிலும் தேறியவர் தனியார் விமானி உரிமத்திற்குத் தகுதி பெறுகிறார். அந்த 40 மணி நேரத்தை எவ்வகை வானூர்தியில் பறந்து கற்பது?

விரைவும் பொலிவும் உடையதே சிறந்த வானூர்தி என்று நமக்குத் தோன்றலாம். பயிற்சிக்கோ, கற்பவரின் பிழையைப் பொறுத்துக்கொண்டு அதனை அவருக்கு உணர்த்தவும் வல்ல வானூர்தியே வேண்டும். மூக்கை அளவுமீறி உயர்த்தினால் காற்றோட்டம் குலைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும். இந்நிலையை விமானிகள் 'ஸ்டால்' என்பர். நல்ல பயிற்சி வானூர்தி அதனை ஒலியாலும் அதிர்வாலும் முன்னரே அறிவிக்கும். மூக்கைத் தாழ்த்தியதும் இயல்புநிலைக்கு மீளும். 1985ஆம் ஆண்டிலேயே உற்பத்தி நின்றுபோன செஸ்னா 152, இன்றும் பல பயிற்சிப் பள்ளிகளில் பறந்துகொண்டிருப்பதற்கு இப்பண்பும் ஒரு காரணம்.

ஆயினும் அது சிறியது, இருவருக்கே இடமுண்டு. அதன் உச்ச எடை ஏறத்தாழ 757 கிலோ. வானூர்தியின் எடை மட்டும் 520 கிலோ எனக் கொள்வோம். எரிபொருளை முழுமையாக நிரப்பினால் 67 கிலோ கூடும். எஞ்சுவது 170 கிலோ. பயிற்றுநரும் மாணவரும் 85 கிலோ வீதம் இருந்தால் ஒரு கைப்பைக்கும் இடமில்லை! இருவரும் அதனினும் பருத்தவராயின் எரிபொருளைக் குறைக்க வேண்டும். பறக்கும் நேரமும் குறையும். இங்கே கோடை வெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காற்று சூடேறும்போது அடர்த்தி குறைகிறது. அதனால் இறக்கையின் தூக்குவிசையும் எந்திரத்தின் ஆற்றலும் ஒருங்கே குறைகின்றன. எடை மிகுந்த வானூர்தி நிற்கும்போது குறையேதும் காட்டாது. ஓடுபாதை முடியும் தறுவாயில்தான் காட்டும்.

நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 இந்த நெருக்கடியைப் பெரிதும் தீர்க்கிறது. உலகில் மிகுதியாக உருவாக்கப்பட்ட வானூர்தி இதுவே. 44,000க்கும் மேற்பட்டவை உருவாகியுள்ளன. ஆனால், செஸ்னா 152 மணிக்கு ஏறத்தாழ 23 லிட்டர் எரிபொருள் கொள்ளுமெனில், இது 30 லிட்டருக்கும் மேல் கொள்ளும். 40 மணி நேரத்திற்குக் கணக்கிட்டால் வேறுபாடு சிறிதன்று.

இறக்கை மேலிருப்பதா, கீழிருப்பதா என்பது பற்றி விமானிகளிடையே ஓயாத வாதம் உண்டு. செஸ்னாவில் இறக்கை மேலே உள்ளது. தரை நன்கு தெரியும், ஆனால் திரும்பும்போது திரும்பும் பக்கத்தை இறக்கை மறைக்கும். பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இரு இருக்கை 'ஹன்சா'வில் இறக்கை கீழே உள்ளது. மேற்புறம் நன்கு தெரியும், நேர் கீழே உள்ள தரை மறையும். கற்பவர் இரண்டுக்கும் எளிதில் பழகிவிடுவர்.

இவ்வாதத்தினும் முதன்மையானது வானூர்தி உரிய நேரத்தில் கிடைப்பதே. குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் ஒவ்வொரு வானூர்தியும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். பள்ளியில் அவ்வகையில் ஒன்றே இருந்தால் பயிற்சியும் நின்றுவிடும். சில வாரங்களில் கை பழக்கம் இழக்கும். கற்றதையே மீண்டும் பணம் செலுத்திக் கற்க நேரும். எனவே, பள்ளியில் சேருமுன் கட்டணத்தைக் கேட்பவர், அவ்வகை வானூர்திகள் எத்தனை பறக்கும் நிலையில் உள்ளன என்பதையும் கேட்டறிய வேண்டும்.