பிள்ளையைத் தற்கொலையில் இழந்த பெற்றோருக்கு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகே பல வீடுகளில் துக்கம் முழு பாரத்தோடு இறங்குகிறது. குருண் வட்டாரத்தில் தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும், அதன் பின் அப்பாவும் அம்மாவும் தனியே இருப்பார்கள். இருவர் மனத்திலும் ஒரே கேள்வி: “நான் ஏன் கவனிக்கவில்லை?”

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாமே அறிகுறியாகத் தெரியும். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தது, கைப்பேசியைப் பிடுங்கியதற்குக் கோபித்தது, கதவைச் சாத்திக்கொண்டது. இவை அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் நடப்பவை. முடிவு தெரிந்த பிறகுதான் அவை ஒன்றுசேர்ந்து எச்சரிக்கைபோல் தோன்றுகின்றன. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மனச்சோர்வு போன்ற நோய், வெளியே சொல்லாத அவமானம், திடீர் நெருக்கடி எனப் பல சேர்ந்தே ஓர் உயிரை அந்த இடத்துக்குக் கொண்டுபோகின்றன. நீங்கள் திட்டிய ஒரு வார்த்தை மட்டும் அதைச் செய்துவிடாது. உலகில் ஆண்டுதோறும் 700,000க்கும் அதிகமானோர் இப்படி இறக்கிறார்கள். அன்பாக வளர்த்த வீடுகளிலும் இது நடக்கிறது.

கணவனும் மனைவியும் ஒரே விதமாகத் துக்கப்பட மாட்டார்கள். அம்மா பிள்ளையின் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பார்; அவனைப் பற்றியே பேச விரும்புவார். அப்பா மறுவாரமே வேலைக்குப் போய் ஓவர்டைம் கேட்டு வாங்குவார். “இவருக்குப் பாசமே இல்லை” என்று அம்மாவுக்குத் தோன்றும். அப்பாவுக்கோ வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கும். இந்த நாட்களில் “நீ கொடுத்த செல்லம்தான்”, “நீங்கள் அடித்ததுதான்” என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அது பல ஆண்டுகளுக்கு வீட்டை விட்டுப் போகாது.

போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உங்களைக் குற்றவாளியாக உணர வைத்திருக்கலாம். திடீர் மரணங்களில் அது வழக்கமான நடைமுறை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இதை நோயாகவும் நெருக்கடியாகவும் பார்க்கச் சட்டமே முன்வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் வாய்க்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். நம் சொல்லுக்குள்ளேயே ‘கொலை’ இருக்கிறது, மலாய்ச் சொல்லிலும் அப்படியே. அதனால் “தற்கொலையால் இறந்துவிட்டான்” என்று நோயால் இறந்ததைச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளிடம் ‘விபத்து’ என்று மறைக்காதீர்கள். பள்ளியில் வேறொருவர் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வது இன்னும் கொடுமை. எப்படி இறந்தான் என்ற விவரம் வேண்டாம். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர்களையும் கவனமாகப் பாருங்கள், இந்த இழப்புக்குப் பின் அவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது.

1968இல் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகர மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், தற்கொலையால் அல்ல. அங்கே பணியாற்றிய சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார், தன் ஆறுதலைவிட அந்த இரு பெற்றோரும் ஒருவருக்கொருவர் பேசியதே பலன் தந்ததைக் கண்டார். அடுத்த ஆண்டே பிள்ளையை இழந்த பெற்றோருக்கான ஓர் அமைப்பு அங்கே உருவானது. உங்களுக்கும் அப்படி ஒரு வீடு தெரிந்திருக்கலாம். ஒரு தேநீர் குடிக்கப் போய்வாருங்கள். பிள்ளையின் பெயரைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஓர் இடம் வேண்டும்.

இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளை இந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். தூக்கமே வராவிட்டால், குடி கூடிவிட்டால், “நானும் போய்விடலாம்” என்ற எண்ணம் வந்தால், அரசு சுகாதார கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அழைத்துப் போகலாம். ஆனால் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தாயின் அந்த வாக்கியத்தைப் பிள்ளை வாயால் சொல்ல நேரக்கூடாது.

சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929. தமிழ் பேசுபவர் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.