மூளைக் கட்டியை வெட்டி எடுத்தால் போதுமா?

தென்காசி, குற்றாலம் பக்கம் வந்திருக்கிறீர்களா? இங்குள்ள பழைய மதில்களின் கல் இடுக்குகளில், சாரல் ஈரத்தில் புல்லும் முளைக்கும், அரசங்கன்றும் முளைக்கும். புல்லைக் கையால் பிடுங்கிவிடலாம். அரசங்கன்று அப்படியன்று. வெளியே தெரிபவை நாலைந்து இலைகளே. வேரோ கற்களுக்கிடையே எங்கெங்கோ ஓடியிருக்கும். தண்டை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் முழுவதையும் தோண்டப் புகுந்தால் மதிலே சரிந்துவிடும்.

மூளையில் தோன்றும் கட்டிகளிலும் இவ்வகை வேறுபாடு உண்டு. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்னும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. அது மூளையை அழுத்துமே தவிர, பொதுவாக உள்ளே ஊடுருவுவதில்லை. எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் முழுவதும் எடுத்துவிடலாம். நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் கிளியா உயிரணுக்களோடு தொடர்புடைய கட்டிகளுக்குக் கிளியோமா என்று பெயர். பெரியவர்களிடம் காணப்படும் கிளியோமாக்களில் பெரும்பாலானவை அரசங்கன்று போன்றவை. அவற்றின் உயிரணுக்கள் நல்ல மூளைக்குள் வேர்போல் பரவி நிற்கும்.

கத்தி எதுவரை செல்லலாம்?

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து கிளியோமாவை அகற்றினார். அப்போது எக்ஸ் கதிரே கண்டுபிடிக்கப்படவில்லை. எந்தக் கைகால் வலுவிழந்தது, வலிப்பு எங்கே தொடங்கியது என்பவற்றைக் கொண்டே டாக்டர் ஹியூஸ் பென்னட் கட்டியின் இடத்தைக் கணித்திருந்தார். கட்டியும் அங்கேயே இருந்தது! ஆயினும் நோயாளி சில வாரங்களில் நோய்த்தொற்றால் இறந்தார்.

நம் நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இப்பணியைத் தொடங்கினார். 1970-களில் சி.டி. ஸ்கேனும், பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வந்தபின், மண்டையைத் திறக்காமலே கட்டியைக் காண முடிந்தது.

இன்று இயற்பியல் இன்னும் ஒருபடி மேலே சென்று உதவுகிறது. அறுவைக்கு முன் நோயாளிக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். தீவிரமான கிளியோமாவின் உயிரணுக்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. நீல ஒளி பட்டதும் கட்டி சிவப்பாக ஒளிர்கிறது! குறைந்த அலைநீளமுள்ள ஒளியை ஏற்று, கூடிய அலைநீளமுள்ள ஒளியை வெளிவிடும் ஒளிர்தலே இது. கட்டி பேச்சுப் பகுதியின் அருகே இருந்தால், நோயாளியை விழிக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே அறுப்பதும் உண்டு. பேச்சு தடுமாறும் இடத்தில் கத்தி நிற்க வேண்டும். வேர்களில் சில உள்ளேயே தங்கிவிடுகின்றன.

ஓர் எழுத்து செய்யும் மாற்றம்

உள்ளே தங்கியவை விரைந்து வளருமா, மெல்ல வளருமா? முன்பு, வெட்டி எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து மட்டுமே இதைக் கணித்தார்கள். ஒன்றுபோல் தோன்றிய இரு கட்டிகளில் ஒன்று ஓராண்டில் உயிரைப் பறிக்கும். மற்றொன்று பத்தாண்டுக்கு மேலும் விட்டுவைக்கும்.

இப்புதிருக்கு ஒரு பெரிய விடை 2008-இல் கிடைத்தது. ஐ.டி.எச்.1 என்னும் மரபணுவில் ஓரிடத்தில் ‘ஜி’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘ஏ’ வந்துவிடுகிறது. அதனால் ஒரு நொதியின் 132-ஆவது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. இத்தகைய மாற்றமுள்ள கிளியோமாக்கள் பொதுவாக மெல்ல வளர்பவை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், பெரியவர்களின் பரவும் கிளியோமாக்கள் மரபணுவை வைத்தே மூன்றாகப் பிரிக்கப்பட்டன. இந்த நொதியைக் குறிவைக்கும் வோராசிடெனிப் என்ற மருந்துக்கு 2024-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

எம்.ஜி.எம்.டி. என்பது மற்றொரு மரபணு. டெமோசோலோமைடு என்னும் மருந்து கட்டியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், இந்த மரபணு தரும் புரதமோ அச்சிதைவைச் செப்பனிடும். கட்டியில் இம்மரபணு அடங்கிக் கிடந்தால் மருந்து நன்கு வேலை செய்யும். மிகக் கொடிய வகையான கிளியோபிளாஸ்டோமாவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சுடன் இம்மருந்தும் பெற்றவர்களுள், மரபணு அடங்கியிருந்தோரில் நூற்றுக்கு 46 பேர் இரண்டாண்டு கடந்தும் வாழ்ந்தார்கள். அடங்காதோரில் நூற்றுக்கு 14 பேரே வாழ்ந்தார்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது?

“பாதிப்பேர் பதினைந்து மாதம் இருப்பார்கள்” என்று ஒரு குடும்பத்திடம் மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “இவருக்குப் பதினைந்து மாதம்தான்” என்றே அவர்கள் காதில் விழும். சிகிச்சையை நிறுத்திவிடவும் கூடும். இரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்பீர்கள். அத்தனை காலத்தில் பாதி அணுக்கள் சிதையும் என்று உறுதியாகச் சொல்லலாம். எந்த அணு சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. மனிதர்களோ அணுக்களைப்போல் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களும் அல்லர். வயது, உடல்நிலை, கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது, மரபணு எத்தகையது என்பவற்றைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

செய்து பாருங்கள்: நூறு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தரையில் தேய்த்து வெண்மையாக்குங்கள். எல்லாவற்றையும் வீசி, வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவற்றை அகற்றுங்கள். மீதியை மறுபடி வீசுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் எத்தனை மிஞ்சின என்று வரைபடம் போடுங்கள். அடுத்த முறை வீசுவதற்கு முன், ஒரே ஒரு கொட்டையில் மையால் புள்ளி வைத்து, அது எத்தனையாவது வீச்சில் அகலும் என்று முன்கூட்டி எழுதி வையுங்கள். வரைபடத்தின் வடிவம் உங்கள் கணிப்புக்கு அடங்கும். புள்ளி வைத்த கொட்டை அடங்காது.