முதலில் அளவு, அப்புறம் ஸ்பேனர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கப்பாவின் பழைய 407 லாரி நீலமாகப் புகைகிறது, மேடு ஏற முக்குகிறது, பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டு வயிறு கலங்கிவிட்டது, கொட்டகையிலேயே பிரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பிரிக்கலாம். 407 முதலில் வந்தது 1986இல்; உங்கள் வண்டியில் இருப்பது பழைய 497 இன்ஜின். 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதுதான் அந்தப் பெயர். கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாததால் வீட்டில் கைவைக்கத் தோதானது.

ஆனால் இன்றைக்கே ஸ்பேனரைத் தூக்காதே. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். குபுகுபுவென்று ஆவி அடித்தால் பேக் கம்ப்ரஷன். ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. அடிக்கவில்லை, காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை என்றால் வால்வு கைடு வழியாக ஆயில் கசியலாம். அப்படியானால் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். சந்தேகம் தீர நாசிலைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார். பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி பார்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

முதன்முதலில் சொந்தமாக இன்ஜின் பிரித்தபோது நான் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் முன்கூட்டியே செட்டாக வாங்கி வைத்துவிட்டேன். பிரித்தால் கிராங்க் பின் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறது. கிரைண்டிங் போட்டால் 0.25 அண்டர்சைஸ் பேரிங் வேண்டும். கையில் இருந்தது ஸ்டாண்டர்டு. கவர் பிரித்து ஆயில் பட்டதைக் கடைக்காரர் எப்படித் திரும்ப எடுப்பார்? அந்தப் பேரிங் இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. உன் அத்தை வருஷத்துக்கு ஒருமுறையாவது அதை எடுத்துக் காட்டுவாள்.

அதனால் பிரித்ததும் லேத் பட்டறைக்குப் போய் அளவெடு. போர் கேஜும் மைக்ரோமீட்டரும் நீ வாங்க வேண்டாம், அவர்களிடம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே அளக்கச் சொல், அதையும் குறுக்கும் நெடுக்குமாக. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். மேனுவல் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் போர் போடாமல் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். பிஸ்டன் பள்ளத்தில் புது ரிங்கை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார். இடைவெளி சரியாக இருந்தால் பழைய பிஸ்டனே ஓடும். பணம் மிச்சமாவது இங்கேதான். ரிங், பேரிங், கேஸ்கெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

கன்ராடு மூடிகளைக் கழற்றும் முன் பஞ்ச் வைத்து எண் போடு. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது.

கழுவுவதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிப்பார்கள். ஹோனிங் முடிந்த சிலிண்டரை டீசல் விட்டுத் துடைத்தால் பளபளக்கும், ஆனால் கல்தூள் கீறலுக்குள்ளேயே நிற்கும். சுடுதண்ணீரும் துணி சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய். உடனே காயவிட்டு ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடை. துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி சோப்பு. எனக்கு ஒருமுறை ஐந்து தடவை ஆயிற்று. அந்தத் தூள் தங்கினால் புது ரிங்கை மாதக்கணக்கில் தின்றுவிடும்.

டீசல் பம்பை நீ திறக்காதே. பம்ப் கடையில் கொடு. நாசில் பீச்சும் டீசலுக்கு எதிரே விரல் நீட்டாதே, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்கு. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ப் அடி. விட்டு விட்டு அடி, இல்லையென்றால் செல்ப் மோட்டார் சூடாகிவிடும். அப்புறம் ஃபில்டரிலும் பம்பிலும் ஏர் எடு. ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலில் போட்டு ரசிக்காதே. அரைச் சுமை ஏற்றி ஊரைச் சுற்று. அந்த அழுத்தத்தில்தான் ரிங் சுவரோடு சேர்ந்து உட்காரும்.

கிராங்க் அளவு வந்ததும் எழுது. அதுவரை கடைப்பக்கம் போகாதே. ஹெட் மாட்டும் அன்றைக்கு டார்க் ரெஞ்சோடு நான் வருகிறேன்.

அன்புடன்,
மாமா