நம்பிக்கைகளும் உண்மைகளும்: எத்தனை டன் குளிர்ச்சி?

அக்னி நட்சத்திரம் பிறந்து இரண்டு நாள் கழியுமுன்பே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏ.சி. விற்கும் கடைகளில் ஒரே கேள்விதான் கேட்கிறது: "நம்ம ரூமுக்கு எத்தனை டன் போடலாம்?" கேட்கிறவர் அறையின் நீள அகலத்தை மட்டும் சொல்கிறார், கடைக்காரரும், "பத்துக்குப் பத்துன்னா ஒரு டன், அதுக்கு மேலன்னா ஒன்றரை" என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறார். அவசரத்துக்கு உதவும் வாய்பாடுதான் அது. ஆனால் அதைப் பிரமாணமாகக் கொண்டு மூன்று நான்கு அறைகளுக்குச் சேர்த்து யந்திரம் வாங்கப் புகும் கிருகஸ்தர் பணத்தையும் இழந்து சுகத்தையும் இழக்கிறார்.

டன் என்பது யந்திரத்தின் எடை என்று கருதுவோர் இன்னும் உண்டு. அந்தச் சொல்லின் பூர்வீகம் பனிக்கட்டி. 2,000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகித் தண்ணீராவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே கால அளவில் அறையிலிருந்து வாங்கி வெளியே தள்ளும் சக்திக்கே ஒரு டன் என்று பெயர். கணக்கில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். பாஸ்டன் நகரத்து ஏரிப் பனிக்கட்டி கப்பலேறி வந்த காலத்தில் அதைச் சேமிப்பதற்கென்றே 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், 1897-இல் விவேகானந்தர் தங்கிய விசேஷத்தால் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அன்று பனிக்கட்டி செய்த வேலையைத்தான் இன்று சுவரில் மாட்டிய பெட்டி செய்கிறது.

வேலை உஷ்ணத்தை வெளியேற்றுவதுதான் என்று தெளிந்துவிட்டால், சதுர அடியே போதும் என்ற நம்பிக்கை நிற்காது. உஷ்ணம் எந்த வழியாக, எந்த நேரத்தில் உள்ளே நுழைகிறது என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்! சித்திரை மாதத்து நடுப்பகலில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் ஏறக்குறைய ஒரு கிலோவாட் வெயில் விழுகிறது. அதை விழுங்கிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகு, நாம் படுக்கப் போகும் வேளை பார்த்து, அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. ஆகையால் கீழ்த்தளத்து 120 சதுர அடியும் மாடியறையின் 120 சதுர அடியும் ஒன்றாக மாட்டா. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூரை வழியே உஷ்ணம் இறங்கலாகாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளமோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகவே இறக்கும். மாடியில் தட்டோடு பதித்து வெள்ளையடித்த பிறகு கடைக்குப் போகிறவர், பல சமயம் சிறிய யந்திரத்தோடு திரும்புகிறார்.

"கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்பது அடுத்த நம்பிக்கை. நம் ஊர்களில் இதைவிடத் தீமை செய்யும் அபிப்பிராயம் வேறில்லை என்பேன். கடலை அடுத்த இந்தப் பிரதேசத்தில் புழுக்கத்துக்குப் பாதிக் காரணம் காற்றிலுள்ள ஈரம். யந்திரம் நெடுநேரம் நிதானமாக ஓடினால்தான் அந்த ஈரம் குளிர்ந்த குழாய்களில் படிந்து, மணிக்கு ஒரு லிட்டர் அளவில்கூட, வெளியே சொட்டும். தேவைக்கு மிஞ்சிய யந்திரமோ ஐந்து நிமிஷத்தில் அறையைச் சில்லிட வைத்து நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்க, சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும் அறையில் மனிதன் போர்வையை இழுப்பதும் உதறுவதுமாக இரவைக் கழிப்பான். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏ.சி. இந்தக் குறையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு, அதற்குக் கீழே வேகத்தைக் குறைக்க இயலாது.

பல அறைகளுக்கும் சேர்த்து ஒரே வெளிப்பெட்டி வைக்கும் மல்ட்டி ஸ்பிளிட் விஷயத்தில் இந்தக் கீழெல்லைதான் சூட்சுமம். ஹாலுக்கு ஒன்றரை, இரண்டு படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று, ஆக மூன்றரை டன் அவுட்டோர் என்று கூட்டிவிடுகிறார்கள். கிழக்கு அறைக்கு வெயில் காலையில், மேற்கு அறைக்கு மாலையில்; ஹாலில் ஆள் இருக்கும்போது படுக்கையறை காலி. எல்லா அறைகளும் ஒருசேர உச்சத்தைத் தொடுவதில்லையாதலால், கூட்டுத்தொகையைவிடச் சிறிய வெளிப்பெட்டியே போதுமானது. தயாரிப்பாளர்களும் தங்கள் அட்டவணைகளில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். இனி மறுபுறம்: நள்ளிரவில் ஒரே ஓர் அறை, அதுவும் கால் டன், அரை டன் அளவுக்கே குளிர்ச்சி கேட்கிறது. பெரிய வெளிப்பெட்டி அவ்வளவு சிறிய வேலையைச் செய்யத் தெரியாமல் ஓடுவதும் நிற்பதுமாக மின்சாரத்தைக் கரைக்கும். ஆகவே அட்டவணையில் அதிகபட்சத்தைப் பார்ப்பதோடு, குறைந்தபட்சத் திறனையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரே வெளிப்பெட்டி பழுதானால் வீடு முழுவதும் ஒரே நாளில் வேகும் என்பதையும் சேர்த்து எண்ணினால், வெளிச்சுவரில் இடமுள்ள சாதாரண வீட்டுக்குத் தனித்தனி ஸ்பிளிட்டுகளே உத்தமம் என்பது என் கட்சி.

வெப்பமும் தரும் 'ஹாட் அண்ட் கோல்ட்' வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது, மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊர்களுக்கு வீண். வெளியிலுள்ள உஷ்ணத்தை உள்ளே கொண்டுவரும் அந்த வித்தையை வெந்நீருக்குப் பயன்படுத்தும் ஹீட் பம்பு, கெய்சரின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே வேலையை முடிப்பதால், விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஏற்றது.

வெளிப்பெட்டியை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்றும் நம்புகிறார்கள். மூன்று பக்கம் அடைத்த சந்தில் வைத்தால், தான் உமிழ்ந்த சூட்டையே அது மீண்டும் உறிஞ்சித் திணறும். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். பூச்சிட்ட தகடாகக் கேட்பது நல்லது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் ஊர் ஊராக வெள்ளம் புகுந்தது. தரையோடு தரையாக வெளிப்பெட்டியை வைக்க வரும் மெக்கானிக்கிடம், அந்த வெள்ளம் உங்கள் சுவரில் ஏறிய உயரத்தைக் காட்டி, அதற்கு மேலே இரும்புத் தாங்கி அடிக்கச் சொல்லுங்கள்.